ஆறாம் கட்டு

ஒரு கதையின் முடிவுக்கு அந்த ஊரில் விலை அரை ரூபாய். அதுதான் வாசகசாலையின் மாதச் சந்தா.

முப்பது உறுப்பினரும் கேட்டது ஒரே நாவல், இருந்தது ஒரே பிரதி. காரியதரிசிக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. தையலைப் பிரித்து, ஆறு கட்டாகத் தைத்தார். முன்னால் போகிறவர் முதல் கட்டை முடித்து இரண்டாவதுக்கு நகர்ந்ததும், முதலாவது அடுத்தவர் கைக்குப் போகும். ஒன்றை ஆறாகப் பெருக்கிய தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். முன்னால் போனவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். ஆறாம் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே செத்துப்போனார்.

மற்ற ஐந்தையும் ஊரே முடித்தாயிற்று. சாவு வீட்டில் போய்க் கேட்கக் கூசிக் கூசிக் காரியதரிசி மூன்று மாதம் கடத்தினார். அதற்குள் சந்தா நின்றது.

"முடிவு வரட்டும், பணம் வரும்" என்றார் பல் வைத்தியர். "வாயைத் திறக்க வச்சா மூடவும் வைக்கணும்யா."

வாசகசாலை இருந்த மாடி, கீழே இருக்கும் துணிக்கடை முதலாளியுடையது. அன்று காலையில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆறு மணிக்குள்ள வாடகை வரலேன்னா எல்லாம் எடைக்கு. பொட்டலம் மடிக்கிறவனுக்கு எது கடைசிப் பக்கம்னு கவலையில்ல பாருங்க."

பன்னிரண்டு வருஷம். வீடு வீடாகக் கெஞ்சி வாங்கிய புத்தகங்கள். நாலரை மணிக்குக் காரியதரிசி போஸ்ட்மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கட்டில் ஓரத்து முக்காலியில் கட்டு இருந்தது. அதன்மேல் மூக்குக்கண்ணாடி.

"எனக்கு எழுத்து தெரியாது தம்பி" என்றாள் அவர் மனைவி. "தினம் ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டுவார். மேல ஒரு வரி கேட்டாலும் மாட்டார், மகா கஞ்சன். இன்னும் பதினோரு பக்கம் இருக்குன்னார். எனக்குப் படிச்சுக் காட்டிட்டு எடுத்துட்டுப் போங்க."

அரைமணி நேர வேலை. அப்புறம் பல் வைத்தியரிடம் ஓடினால்கூடப் போதும், மற்றவர்கள் தானாக வருவார்கள். காரியதரிசி மூச்சு விடாமல் படித்தார். மூன்றாவது பக்கத்துக்குப் புரட்டப்போனபோது அவள் கை காகிதத்தின்மேல் விழுந்தது.

"போதும். நாளைக்கு."

"அம்மா, ஆறு மணிக்கு எல்லாம் போயிடும்மா. இப்பக் குடுங்க, தினமும் நானே கொண்டுவந்து படிக்கிறேன். உங்க கால்ல விழறேன்."

"கொண்டுபோனா முடிவு ஊர் வாய்க்கு வந்துடும். தண்ணி எடுக்கப் போற இடத்துல என் காதுல விழும்." கையை எடுக்கவில்லை. "ஒரே மூச்சுல முடிச்சா அவரும் இன்னிக்கே முடிஞ்சிடுவார் தம்பி."

அந்த விரல்களில் பிடியே இல்லை. லேசாக இழுத்தால் கட்டு வந்துவிடும். தைத்தவர் காரியதரிசிதான், நூல் எங்கே இளகும் என்பதும் தெரியும். சுவர்க்கடிகாரம் ஐந்தடித்தது. இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பக்கத்தின் முனையை மடித்து, கண்ணாடியை எடுத்து அதன்மேல் வைத்தார்.

அவர் திரும்பியபோது துணிக்கடை வாசலில் தராசு தொங்கியது. புத்தகங்கள் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. பதிவேட்டை மட்டும் கேட்டு வாங்கி, படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினார்:

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு புத்தகம். எடைக்குப் போனது நானூற்றுப் பதினொன்றும் ஐந்து கட்டும். வெளியில் இருப்பது ஒரு கட்டு. பாக்கி, ஒன்பது பக்கம்.