இரண்டு வெளிச்சத்தில் ஒரு காலர்

1

இந்தக் கதை ஒரு டீசர்ட் காலரில்தான் எனக்குக் கிடைத்தது. ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்ப்பவள் கலைமகள். வெளிநாட்டுக்குப் போன சரக்கு முழுவதும், காலர் நிறம் சேரவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. ஒன்றை எடுத்து டியூப்லைட்டின் கீழே விரித்தாள். உடம்பும் காலரும் ஒரே கருநீலம். வாசலுக்குக் கொண்டுபோனாள். வெயிலில் காலர் மட்டும் சிவப்பேறியிருந்தது. உள்ளே வந்தாள். மறுபடி ஒரே நீலம். போவதும் வருவதுமாக இருந்தாள், பிடிபடவில்லை.

2

கலைமகள் அழுது... (இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழுகிற ரகம் இல்லை.)

மேனேஜர் சிவராஜ் வந்தார். “ஏம்மா, கண்ண ஊட்டுல வெச்சுட்டா வந்தே?”

“இங்க பாருங்க, ஒண்ணாத்தானுங்க இருக்குது.”

“அப்ப ஒவ்வொரு பீசுக்கும் ஒரு டியூப்லைட்டச் சேத்துக் கட்டி அனுப்பலாமா?”

டெய்லர்கள் சிரித்தார்கள்.

“பாஸ் பண்ணுனது நீ. சனிக்கிழமையோட நின்னுக்கோ.”

3

இங்கே கதையை நிறுத்திவிட்டு விளக்காமல் என்னால் இருக்க முடியாது. மன்னியுங்கள்.

விளக்கிலிருந்து வரும் ஒளி அலைகளில் சிலவற்றைச் சாயம் விழுங்கிவிடும். திரும்பி வரும் மிச்சத்தைத்தான் நாம் நிறம் என்கிறோம். உடம்புத் துணி ஒரு சாயப்பட்டறைக்கும் காலர் துணி இன்னொன்றுக்கும் போயின.* இரண்டு பட்டறைக்காரர்களும் வேறு வேறு சாயங்களைக் கலந்து ஒரே நீலத்தைப் பிடித்தார்கள். உடம்புத் துணியின் சாயம் நீளமான சிவப்பு அலைகளை விழுங்கிவிடும்; காலர் சாயம் விழுங்காமல் திருப்பி அனுப்பும். டியூப்லைட்டில் அந்த அலைகள் குறைவு. திருப்பி அனுப்பப் பெரிதாக எதுவுமில்லை. வெயிலில் அவை கொட்டிக் கிடக்கின்றன. கலைமகளின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

*அவசரத்துக்கு இப்படிப் பிரித்துக் கொடுப்பது இங்கே வழக்கம். இந்தத் தடவை பிரித்துக் கொடுத்தவர் சிவராஜ்.

4

முடிவு ஒன்று: கலைமகள் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல, சிவராஜ் தலையைக் குனிந்து... [பொய். இது அவளுக்குத் தெரியாது. நான்தான் அவள் வாயில் திணிக்கிறேன்.]

முடிவு இரண்டு: பகல் வெளிச்சம் தரும் சோதனைப் பெட்டி ஒன்று கம்பெனிக்கு வாங்கப்படுகிறது. [ஏற்கெனவே இருக்கிறது. ஆபீஸ் அறையில், வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் காட்டுவதற்கு. மற்ற நாளில் பல்பு வீணாகும் என்று சிவராஜ் பூட்டி வைத்திருக்கிறார். ஆகவே அவருக்கு எல்லாம் தெரியும். அவருக்கு வேண்டியது பழிபோட ஒரு பெயர்.]

5

சனிக்கிழமை டிபன் பையோடு கேட்டைத் தாண்டியவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க, இத்தனையும் தெரிஞ்சவரு, சரக்கு போறதுக்கு முன்னால எங்கீங்க போயிருந்தீங்க?”

அதற்குப் பதில் எழுதிப் பார்த்தேன். ஒரு வரியும் நிற்கவில்லை. அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு நம்பிக்கையில்லை.

வழி மட்டும் இருக்கிறது. உடம்புத் துணிக்கும் காலர் துணிக்கும் ஒரே பட்டறையில் ஒரே சாயக் கலவையைப் போட வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் இரண்டிலும் ஒவ்வொரு துண்டை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டியூப்லைட்டிலும் பார்க்க வேண்டும், வெயிலிலும் பார்க்க வேண்டும்.