பெட்டியின் மறுமுனை

கூடத்தை ஒழித்தாயிற்று. அப்பாவைக் கிடத்த நீளமான பெஞ்சு வேண்டும், கொட்டகையில் கிடக்கும் பார் என்று அத்தை விரட்ட, மகள் ஓடினாள். கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்தவள் பெஞ்சை மறந்து அப்படியே நின்றுவிட்டாள். அலுமினியப் பெட்டி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் நாலு கடை ஏறி இறங்கி அவளே தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்தது. ஆற்று மண்ணை அரித்துத் தங்கம் எடுக்கிற பெட்டி. பெட்டி என்று பேர்தான். மூடி கிடையாது, இரண்டு முனையும் திறந்திருக்கும். ஓடுகிற தண்ணீரில் வாட்டமாக வைத்து மேல் முனையில் மண்ணைக் கொட்டினால், லேசான மண்ணெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். கனமான பொன்துகள் மட்டும் குறுக்குக் கட்டைகளுக்குப் பின்னால் தங்கும். விலைச்சீட்டைக்கூட அப்பா கிழிக்கவில்லை. அவள் தொட்ட விரலில் தூசி ஒட்டியது.

அப்படியானால் இன்று காலை அவர் எதைத் தூக்கிக்கொண்டு போனார்? சுவரோரம் பழைய மரப்பெட்டி கிடக்கும் இடம் காலியாக இருந்தது.

அது ஆறடி நீளம். வருஷக்கணக்காகத் தண்ணீர் குடித்த பலகை, கல்லாய்க் கனக்கும். முன்னும் பின்னும் இரண்டு பேர் பிடித்தால்தான் அசையும். பதினைந்து வருஷம் முன்முனை அப்பாவுக்கு, பின்முனை அவளுக்கு. "மெதுவா... கல்லு இருக்கு... இப்பத் திரும்பு" என்று சொல்லிக்கொண்டே போவாரே தவிர, ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டார். கல்யாணமாகி, வேலை, குழந்தை என்று வேறு ஊரில் இருப்பு ஆன பிறகும் லீவு நாளெல்லாம் பஸ் பிடித்து ஓடி வந்தாள். கடைசியில் முடியவில்லை.

"இனிமே என்னால வர முடியாதுப்பா. இது லேசு. நீங்க ஒத்தையிலயே தூக்கிட்டுப் போயிடலாம்" என்று புதுசை அவர் கையில் திணித்தாள்.

அப்பா அதை விரலால் தட்டிப் பார்த்தார். "நாலடிதானே இருக்கு. பொடித் தங்கம் படியுறதுக்குள்ள வெளிய ஓடிடும்."

"உள்ள போட்டிருக்கிற ரப்பர் பாய் பிடிச்சுக்குமாம்ப்பா. கடைக்காரர் அடிச்சுச் சொன்னாரு."

"நல்லாத்தான் இருக்கு" என்று ஆணியில் மாட்டினார்.

போன் வந்ததிலிருந்து ஒரே நினைப்புதான் அவளைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தது. லேசான பெட்டியைக் கொடுத்து அந்த மனுஷரை ஆற்றுக்குத் தனியாக அனுப்பியது நான்தானே! நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால்? பார்த்தால், அவர் அதைத் தொட்டதுகூட இல்லை.

உள்ளறையில் அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி பிடித்துக்கொண்டு ஒரு வருஷமாக அறையை விட்டு எழுந்திருப்பதில்லை. கண் இன்னும் கலங்கவில்லை.

"அப்பா பழைய பெட்டியவாம்மா கொண்டு போனாரு?"

"ஆமா. ரொம்ப நாள் ஆத்துப் பக்கமே போகாம இருந்தாரு. பத்து நாளா அதத்தான்."

"ஒத்தையிலயா?"

"ஒத்தையில எப்படிடி தூக்குவாரு? யாரோ கூட வந்தாங்க. விடிஞ்சதும் வாசல்ல சத்தம் கேக்கும். மெதுவா, கல்லு இருக்கு, இப்பத் திரும்புன்னு. மீன்காரரா இருக்கும்னு நெனச்சேன்."

அப்பாவைக் கரையில் பார்த்து ஓடி வந்து சொன்னவர் மீன்காரர்தான். ஆற்றில் அவர் மண் அரிக்கிற பக்கம் இன்றைக்குத்தான் முதல் தடவை போனேன், வலை அறுந்து ஓடியதால் தேடிப் போனேன் என்று அவர் வாசலில் நின்று பத்துப் பேரிடம் சொன்னதை மகள் கேட்டிருந்தாள். அப்படியானால் பத்து நாளாகக் கூடப் போனது யார்?

அம்மா அவள் கையைப் பிடித்தாள். "ரெண்டு மணிக்கு அணையத் தொறந்துடுவாங்க. பெட்டிய வெள்ளம் கொண்டு போயிடும். அவரு வீட்டுக்கு வர்ற நேரத்துல அது ஆத்தோட போகக் கூடாது. போ, எடுத்துட்டு வா."

ஆண்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். உடலைக் கொண்டுவர மூன்று மணியாகும். மிச்சமிருந்தது அம்மாவின் தம்பி, ரேடியோ மாமா. இடுப்பில் ஆபரேஷன் ஆகிக் கைத்தடியோடு நடக்கிறவர். ஒரு குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. பேசக் கூடாது என்று மட்டும் எந்த டாக்டரும் சொல்லவில்லை.

வழியெல்லாம் பேசினார். பத்து மணிக்குப் பெய்த மழை, வழுக்கும் பாதை, ஆஸ்பத்திரிக்காரர்களின் தாமதம், ஒன்றையும் விடவில்லை. "கயித்தக் கட்டி இழுத்துடலாம்மா. நீ இழு, நான் கரையில நின்னு யோசனை சொல்றேன்" என்றார். வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

ஆறு கண்ணில் படும் முன்பே பெட்டியின் சத்தம் கேட்டது. வாட்டம் சரியாக அமைந்த பெட்டி சளசளக்காது; அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஒரே சீராக ஓடும். ரொம்பச் சரித்து வைத்தால் தண்ணீர் பொன்னையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும், மட்டமாக வைத்தால் மண் அடைத்துக்கொள்ளும். அடிக்கு ஒரு விரல்கடை வாட்டம், கட்டைக்கு மேல் மூன்று விரல் தண்ணீர். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி விரல் வைத்துப் பார்த்தாள். மூன்று விரல். மழை பெய்து ஆறு ஒரு சாண் ஏறியிருந்தது. பெட்டியில் மட்டும் தண்ணீர் ஏறாமல் அதே மூன்று விரல்தான்.

அப்பா பெட்டியைச் சோதிக்க ஒரு வழி வைத்திருந்தார். சிவப்புச் சாயம் பூசிய பத்து ஈயக்குண்டுகளை மண்ணோடு கலந்து மேலே கொட்டுவார். கீழே ஒரு ஆள் சல்லடையோடு உட்கார்ந்து, தப்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது அவள் வேலை. இப்போது முதல் கட்டைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். ஒன்று, இரண்டு என்று எடுத்தாள். பத்தும் இருந்தன.

கீழ்முனைக்கு எதிரில் அவள் உட்காருகிற கல். அதன்மேல் ஒரு சாக்கு நாலாக மடித்துப் போட்டிருந்தது. சல்லடை பக்கத்திலேயே இருந்தது. சுற்றிலும் எல்லாக் கல்லும் மழையில் நனைந்து மினுங்கின. சாக்கைத் தொட்டாள். காய்ந்திருந்தது, கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருந்தது.

"மாமா, மழை பெய்றதுக்கு முன்னாடியே அப்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கதானே?"

"ஆமாம்மா. ஒம்பதுக்கெல்லாம்."

"அப்புறம் யாராவது இங்க வந்தாங்களா?"

மாமா சாக்கைப் பார்த்தார். "நேரமாகுதும்மா" என்றார்.

விளிம்பில் பாரத்துக்கு வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். மாமா கயிற்றை எறிந்தார்; அவள் பிடிக்கவில்லை, அது தண்ணீரில் விழுந்து போய்விட்டது. அவள் அப்பாவின் முனைக்கு வந்து நின்றாள். இந்த முனையை அவள் ஒரு நாளும் பிடித்ததில்லை. பலகையில் இரண்டு கை அகலத்துக்கு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அங்கேயே தன் கைகளை வைத்தாள்.

"மன்னிச்சுக்கோங்கப்பா" என்றாள், சத்தமாகவே. குரல் உடைந்து அழுகை பீறிட்டு வந்தது. அழுதுகொண்டே முதுகைப் பெட்டிக்குக் காட்டித் திரும்பி, குனிந்து, பலகைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

பெட்டி எழுந்தது. தண்ணீர் தூக்குகிறது என்று நினைத்தாள். கரையில் ஏறினாள்; தண்ணீர் பின்தங்கியது. கைக்குப் பாதிக் கனம்தான் வந்தது. பலகை தரையில் உரசுகிற சத்தமே இல்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்து அதை முன்னுக்கு நிறுத்தினாள்.

"மெதுவா" என்றாள். "கல்லு இருக்கு."

பாதை குறுகலானது. மேலே நின்ற மாமா அவளைக் கண்டதும் தடியை இழுத்துக்கொண்டு புல்லில் ஒதுங்கினார். அவர் பார்வை அவளைத் தாண்டிப் போயிருந்தது, உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கடந்து போனாள்.

"இப்பத் திரும்பு."

ஆறடிப் பெட்டி முழுசும் கடந்து போயிற்று. மாமா அதற்குப் பிறகும் பாதைக்கு வரவில்லை. இன்னும் ஒருவர் கடந்து போகிற நேரம் அப்படியே ஒதுங்கி நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ஆள் இடைவெளி விட்டுப் பின்னால் நடந்து வந்தார்.