முதல் ரவுண்டுக்குச் சீட்டு எடுத்த நாள்

கார் ரேஸ் நடத்துவதில் கஷ்டமான வேலை எது என்று கேட்டால், கிழமை பிடிப்பது என்றுதான் சொல்வேன். வெள்ளிக்கிழமை வஹாப் பாய்க்கு ஜும்மா. ஞாயிறு காலையில் ஆண்ட்ரூ அண்ணனுக்குச் சர்ச். அதே நேரத்தில் என் தம்பி பிரகாஷ் காசிமேட்டில் மீன் ஏலத்தில் நிற்பான். சனிக்கிழமை ரேஸ் ஓட்டுகிற கன்டெய்னர் யார்டு முழுக்க லாரி. மற்ற நாட்களில் எல்லோருக்கும் பிழைப்பு. அமாவாசையில் வண்டியைக் கிளப்பவே கூடாது என்று ஒருத்தன் வந்து நின்றான், அவனை வாயை மூடிக்கொண்டு டீ குடிக்கச் சொன்னேன். கடைசியில் ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் என்று முடிவானது. முடிவு செய்தது நான்தான். விட்டிருந்தால் அடுத்த வருஷம் வரை பேசிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

என் பெயர் ஷாலு. பிறந்தது முகத்துவாரக்குப்பம், வாக்கப்பட்டது தண்டையார்பேட்டை. காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றி, குட்டியானை என்கிற சின்ன லாரியை ஓட்டி மார்க்கெட் மார்க்கெட்டாகப் போடுவது என் தொழில்.

ரேஸ் யோசனை ஆண்ட்ரூ அண்ணனுடையது. ராயபுரத்துக்காரர், கப்பலில் வேலை பார்த்துவிட்டு இப்போது சும்மா இருக்கிறவர். நியூசிலாந்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது இந்த ரேஸைப் பார்த்திருக்கிறார். மண் தரையில் முட்டை வடிவத்தில் பாதை போட்டு, பழைய வீட்டுக் கார்களை வைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்களாம். ஒரே ஊரில் இல்லை, ஊர் ஊராகப் போய் ஓட்டி, எல்லா ஊர்ப் புள்ளியையும் கூட்டித்தான் ஜெயித்தது யார் என்று சொல்வார்களாம்.

"நம்ம ஏரியாவுல மண்ணுக்கு இன்னா கொறச்சல்? ஓட்ட ஒடசல் காருக்குத்தான் இன்னா கொறச்சல்?" என்றார்.

கார்களுக்கு வஹாப் பாய் பொறுப்பேற்றார். தண்டையார்பேட்டையில் அவர் வைத்திருக்கும் காயலான் கடையின் பின்புறம் அம்பாசிடரும் பியட்டும் மாருதியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஆளுக்கொன்றாக எடுத்தோம். ஓட்டுகிறவர் இருக்கை தவிர மற்ற இருக்கை, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, உருண்டால் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு அடித்தோம். ஓட்டுகிறவர் கை வெளியே போகாமல் இருக்க ஜன்னலில் வலை கட்ட வேண்டும், அந்த வலைக்கு எங்கே போவது என்று ஆண்ட்ரூ அண்ணன் கவலையோடு கேட்டார். நானும் பிரகாஷும் சிரித்த சிரிப்பில் பாய்க்குப் புரையேறிவிட்டது.

எண்ணூர், திருவொற்றியூர், மாதவரம், மறுபடி எண்ணூர் என்று நாலு ரவுண்டு போட்டோம். மீன்பிடித் தடைக்காலத்திலேயே முடித்துவிட வேண்டும், அப்போதுதான் விசைப்படகு மெக்கானிக் பசங்க கரையில் சும்மா இருப்பார்கள். எந்த யார்டு காலி, யாரிடம் சொல்ல வேண்டும், தூசி அடங்கத் தண்ணி லாரி யார் தருவார், ஓரத்தில் அடுக்க டயர் எங்கே கிடைக்கும் என்று எல்லாம் அலைந்தது நான். குட்டியானை இருக்கிறதே, அதனால் எல்லோருக்கும் நான்தான் ஞாபகம் வருவேன்.

அலைந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் சிவப்பு மாருதி எஸ்டீமை நான் ஓட்ட வேண்டும். குவியலின் அடியில் கிடந்த அந்தக் காரை நான் பார்த்து, நான் இழுத்துப் போட்டு, கூண்டு அடிக்கும்போது கூடவே நின்று, பெயிண்டும் நானே அடித்தேன். ஓட்டப் போவதும் நான்தான் என்று யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. சோறு வடித்தவள் நானும் சாப்பிடுவேன் என்று தெருவுக்கா அறிவிப்பாள்?

வினை வந்தது வரிசையில். மண் பாதையில் உள்பக்கம் முதல் வரிசையில் நிற்கிறவனுக்குப் பாதி ஜெயம். அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது? தனியாக ஓட விட்டு, வேகமாக வருகிறவனை முன்னால் நிறுத்தலாம் என்றார் ஆண்ட்ரூ அண்ணன். பிரகாஷ் குதித்தான்.

"என் அம்பாசிடரு யானை மாதிரி கீது. நான் எப்பவும் பின்னாலயே நின்னுகினு எல்லார் மண்ணையும் துண்ணணுமா?"

ஆளாளுக்குக் கத்தினார்கள். என் பொறுமை போய்விட்டது.

"நிறுத்துங்கடா! எங்க குப்பத்துல பாடு கீது இல்ல? அத அப்டியே வச்சிக்கலாம், ஒண்ணும் மாத்தாம" என்றேன்.

பாடு என்றால் ஆண்ட்ரூ அண்ணனுக்குத் தெரியவில்லை. சொன்னேன். முகத்துவாரத்தில் ஆற்றுக்குள் இறால் வலை கட்ட நல்ல இடம் சிலதுதான் உண்டு. அதற்கு யாரும் முந்திக்கொண்டு ஓட முடியாது. முதலில் சீட்டு எடுப்போம். அதற்குப் பிறகு முறை சுற்றும், அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். இன்றைக்கு நல்ல இடத்தில் கட்டியவன் அடுத்த முறை கடைசிக்குப் போவான், கடைசியில் இருந்தவன் முன்னால் வருவான். பணக்காரன், ஏழை, பெரிய வலை, சின்ன வலை என்ற பேச்சே கிடையாது.

"நல்ல கானூன், நல்ல சட்டமா கீதே!" என்றார் வஹாப் பாய். ஆண்ட்ரூ அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை ஒரு டீ ஆறும் நேரம்கூட நிற்கவில்லை.

"அப்ப அக்கா காருக்கு மாமா எறங்குவாரு" என்றான் பிரகாஷ், என் வீட்டுக்காரரைச் சொல்கிறான்.

"இன்னாத்துக்கு?"

"பாடுன்னா அப்டித்தானக்கா? அம்மா பாட்டுக்கு நான் எறங்கல?"

உண்மைதான். அப்பா போன பிறகு எங்கள் அம்மா பவுனம்மாள் பேரில்தான் பாடு வருகிறது. ஆனால் பெண் பேரில் வரும் பாட்டுக்கு வீட்டு ஆம்பளைதான் ஆற்றில் இறங்க வேண்டும். பிரகாஷ் இறங்கி வலை கட்டுவான், பங்கு அம்மாவுக்கு வரும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து, அது ஒரு விதி என்பதே என் மண்டையில் இல்லை.

"டேய், இது ஆறாடா? காருடா!"

"நீதானக்கா ஒண்ணும் மாத்தாமன்னு சொன்ன?" அவன் விஷமமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. நான் வரிசை போடுவேன், நேரம் பார்ப்பேன், கொடி காட்டுவேன் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆண்ட்ரூ அண்ணன் தரையைப் பார்த்தார். வஹாப் பாய் தாடியைச் சொறிந்துகொண்டு, "சட்டம் போட்டது நீதானம்மா" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் தாமோதரன் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆமை வேகத்தில் ஓட்டினால்தான் அங்கே நல்ல பெயர். மனிதர் வீட்டிலும் அதே வேகம்தான். ரேஸா, நானா, வேணாம்மா என்று சொல்லிவிடுவார், விஷயம் முடிந்தது என்று நினைத்து வீட்டில் சொன்னேன்.

"நெஜமாவா? என்னியவா ஓட்ட சொன்னாங்க?" என்றார். முகம் அப்படியே பூத்துவிட்டது.

கல்யாணமான நாளிலிருந்து யாரும் அவரை எதற்கும் முன்னால் நிறுத்தியது கிடையாது. அடுத்த நாளே கையுறை வாங்கி வந்தார். யார்டில் ஓட்டிப் பார்க்கும்போது திருப்பத்துக்குத் திருப்பம் ஹார்ன் அடித்தார். பின்னால் வந்த பிரகாஷுக்குக் கை காட்டி வழி விட்டார். பசங்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். என் காரில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. ஒரு வாரம் வீட்டில் குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கே ஞாபகம் இல்லை. அவர் அதையும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்.

முதல் ரவுண்டுக்கு முந்தின ஞாயிறு, எண்ணூர் யார்டில் சீட்டு எடுப்பது என்று வைத்திருந்தோம். டயர் அடுக்கியாகிவிட்டது. தண்ணி லாரி ஒரு சுற்று வந்து போனதில் மண் வாசனை தூக்கலாக இருந்தது. கார்கள் வரிசையாக நின்றன. வஹாப் பாய் ஒரு மீன் கூடையில் சீட்டுகளைப் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு காராகச் சொல்லி, "எறங்குறது யாரு?" என்று கேட்பார். இறங்குகிறவர் "நான்" என்று சத்தமாகச் சொல்லி, கூடையில் கை விட வேண்டும். யார் கை சீட்டை எடுக்கிறதோ அவர்தான் ஓட்ட முடியும். அதுவும் குப்பத்து வழக்கம்தான்.

பிரகாஷ் எடுத்தான், இரண்டாம் வரிசை. ஆண்ட்ரூ அண்ணன் எடுத்தார், முதல் வரிசை வெளிப்பக்கம்.

"செவப்பு எஸ்டீமு. எறங்குறது யாரு?"

என் வீட்டுக்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். கூடையில் கை விட்டார்.

"நான்!" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. யார்டே திரும்பிப் பார்த்தது.

"அக்கா, முறன்னு ஒண்ணு..." என்று பிரகாஷ் இழுத்தான்.

"அம்மா பாட்டுக்கு நீ ஏன்டா எறங்குற?"

"அம்மாவால முடியாதுக்கா. மாரளவு தண்ணில நின்னு வலை இஸ்துகினு..."

"நாளைக்கு அம்மாவே எறங்குறேன்னு வந்து நின்னா நீ தடுப்பியா?"

பிரகாஷ் எங்கள் அம்மாவை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தான். "அம்மாவயா? யாரு தடுக்கிறது? நான் உசுரோட வூடு போய்ச் சேர வேணாமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் தலையைச் சொறிந்துகொண்டே விலகி நின்றான்.

"முடியாதவங்களுக்காக ஒருத்தன் எறங்குறது தான்டா முறை. எனக்கு முடியும். தினம் காத்தால காசிமேட்டு நெரிசல்ல வண்டி ஓட்டிகினு தான் வர்றேன்."

இப்போது எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் கை இன்னும் கூடைக்குள் இருந்தது. மெதுவாக வெளியே எடுத்தார், சீட்டு இல்லை. சிரிக்க முயன்றார்.

"செரி ஷாலு. என் பாட்ட உனக்கே குட்த்துட்டேன். நீ எறங்கு" என்றார்.

கூட்டத்தில் நாலு பேர் கை தட்டினார்கள். வஹாப் பாய், "மாஷா அல்லா, மனுசன்னா இவன் மனுசன்" என்றார். நானும் சரி என்று எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நல்ல மனிதர், அவ்வளவு ஆசையை விட்டுக்கொடுக்கிறார். ஆனால் எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

"அது உன் பாடு இல்லய்யா. என்னுது" என்றேன்.

கை தட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் நான் பேச்சை மாற்றவில்லை.

"நீ ஓட்டணும்னு நெனச்சது எனக்குத் தெரியாது ஷாலு. வூட்லயே ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே குட்த்திருப்பனே" என்றார்.

"என்னுத நான் ஏன்யா உன்னாண்ட கேக்கணும்?"

மெதுவாக ஓட்டுகிறவர் மெதுவாகத்தான் யோசிப்பார். யோசித்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஓர் அடி தள்ளி நின்று எனக்கு வழி விட்டார்.

"கரெக்டு தான். கேக்க வேணாம்" என்றார்.

கூடையில் கை விட்டு என் சீட்டை நான் எடுத்தேன். பாய் பிரித்துப் பார்த்தார். கடைசி வரிசை, வெளிப்பக்கம், இதைவிட மோசமான இடம் கிடையாது. பிரகாஷ் உருண்டு புரண்டு சிரித்தான். சிரிக்கட்டும். திருவொற்றியூரில் முறை திரும்பும்போது அவன் என் பின்னால் நின்று மண் தின்பான். அந்தக் கடைசி இடம் எனக்கு அப்படிப் பிடித்திருந்தது. போய் அங்கேயே காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெயில் இறங்கிய பிறகு மற்றவர்கள் டயர்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வந்து ஜன்னல் வலைக்கு வெளியே நின்றார். கோபமாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சமாதானத்துக்கு என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"ஷாலு, இந்த ரேஸுல புச்சா ஒருத்தன் சேரணும்னா யாராண்ட கேக்கணும்?"

"யாரு அந்த ஒருத்தன்?"

"நான்தான். ஓட்டிப் பாத்தேனா, ரொம்ப புட்ச்சிப் போச்சி. பாயாண்ட ஒரு பியட்டு சும்மா கெடக்குதாம். அத நானே ரெடி பண்ணிக்குவேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்குன்னு ஒரு பாடு வேணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலை நடுவில் இருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது.

"என்னாண்டதான் கேக்கணும்" என்றேன்.

"கேக்குறன்."

"மாதவரம் ரவுண்டுக்கு வா. சீட்ட நீயேதான் எடுக்கணும், நான் எடுத்துத் தர மாட்டேன்."

"வாணாம், வாணாம், நானே எடுக்குறன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பியட்டை வேறு யாராவது கேட்பதற்குள் வஹாப் பாயைத் தேடி ஓடினார்.