இருபது கிலோவுக்குள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு விமான நிலையத்தில் கிடைத்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றிருந்தது. அவர்களுடைய பெட்டி எடை கூடிவிட்டது. தரையில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். எழுதுகிறவள் சும்மா இருப்பாளா? நான் பார்த்துக்கொண்டே

(மேலே உள்ள பத்தியை நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் பொய். எனக்கு முன்னால் எந்தக் குடும்பமும் இல்லை. தரையில் உட்கார்ந்திருந்ததே நாங்கள்தான். அப்பா, அம்மா, நான். வேறு யாருடைய கதையோ என்று ஆரம்பித்தால் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அரைப்பக்கத்திலேயே நின்றுவிட்டது.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கழித்தல் கணக்கில் பிறந்தது. கழித்தது நான்.

2

அப்பா தையல்காரர். புதுத்துணி தைக்கிறவர் அல்ல, பழையதைத் திருத்துகிறவர். பேண்ட் உயரம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. சாவி வெட்டும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், கை இரண்டையும் நீட்டினால் சுவர் இடிக்கும் ஒரு கடை. அதில் முப்பது வருடம். அந்த முப்பது வருடத்தில் எங்கேயும் ஊர்சுற்றப் போனதில்லை.

குளிர்நாட்டுக்குப் போகிறவர்கள் கோட்டைக் கொண்டுவந்து கை நீளம் குறைக்கச் சொல்லுவார்கள். அப்பா குறைத்துக் கொடுப்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்:

"எத்தன கோட்டுக்குக் கை வெட்டியிருக்கேன். அதப் போட்டுக்கிட்டு போற எடத்த ஒரு தடவையாவது பாக்கணும். பனிய கையில எடுத்துப் பாக்கணும்."

அப்பா எதையும் கேட்காத மனுஷன். கேட்டுவிட்டாரே என்று நான் உடனே மூன்று டிக்கெட் போட்டேன். ஐந்து நாள் பயணம். டிக்கெட் போட்ட மறுநாளே அவர் துணி வாங்கி எங்கள் மூவருக்கும் கோட்டு வெட்ட உட்கார்ந்துவிட்டார்.

மலிவான டிக்கெட். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய பெட்டிதான். இருபது கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

(இந்தப் பகுதியில் அம்மாவைச் சரியாக அறிமுகப்படுத்தவில்லை. அம்மா கோபித்துக்கொள்வாள். அவள் பள்ளிக்கூட ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவள், முழங்கால் வலி, யாரிடமும் தோற்காத வாய். இப்போதைக்கு இது போதும்.)

3

எங்கள் வீட்டில் எடை பார்க்கும் மிஷின் ஒன்று உண்டு. காலால் ஏறி நிற்கிற, முள் ஆடுகிற பழைய மிஷின். பெட்டியை அப்படியே வைத்தால் அது எண்களை மறைத்துவிடும். ஆகவே ஒருவர் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஏற வேண்டும். வருகிற எடையில் ஆளுடைய எடையைக் கழித்தால் மிச்சம் பெட்டி. அம்மாவுக்கு முழங்கால். எனக்குத் தரையோடு தரையாகக் குனிந்து முள்ளைப் படிக்கிற வேலை. ஆகவே பெட்டியைத் தூக்கியது அப்பா.

"அப்பா, உங்க வெயிட் எவ்வளவு?"

"எழுபத்தொண்ணு."

(இந்தப் பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் இருந்ததாக மூன்றாவது வரைவில் எழுதியிருக்கிறேன். முதல் இரண்டில் அது இல்லை. மௌனம் அங்கே இருந்ததா, நான் பிற்பாடு கொண்டுபோய் வைத்தேனா, தெரியவில்லை. அப்பா எப்போதுமே எழுபத்தொன்றுதான். கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் "அன்னைக்கும் எழுபத்தொண்ணு, இன்னைக்கும் எழுபத்தொண்ணு" என்று பெருமை அடித்துக்கொள்வார்.)

முள் எண்பத்தைந்தில் நின்றது.

"பதினாலு கிலோதான்! அம்மா, இன்னும் ஆறு கிலோ வெக்கலாம்!"*

* அவரைத் தனியாக ஒரு தடவை ஏறச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயம். அன்று மதியம் அப்பா நாலு தடவை ஏறினார். நாலு தடவையும் பெட்டியோடு ஏறிப் பெட்டியோடு இறங்கினார். பெட்டியைக் கீழே வைத்த பிறகு அந்த மிஷின் பக்கமே போகவில்லை. இதை அன்று நான் கவனிக்கவில்லை. எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

4

ஆறு கிலோ கிடைத்ததும் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. வெந்நீர்க் கெட்டில் உள்ளே போனது. பிளாஸ்க் போனது. இரண்டு கம்பளி, என்னுடைய இன்னொரு ஜோடி ஷூ, அங்கே போய் யாருக்குத் தேய்த்துக் கொடுக்கப்போகிறாளோ, ஒரு அயர்ன் பாக்ஸ்.

அவள் ஒரு பக்கம் வைக்க வைக்க, அப்பா இன்னொரு பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததெல்லாம் அவருடைய பொருள்.

"ஷூ எதுக்கு? செருப்பு போதும் எனக்கு."

"பனியில செருப்பா? வெரல் வெறச்சுப்போயிடும்."

"ஸ்வெட்டர் ரெண்டு வேணாம், ஒண்ணு போதும். அந்தக் கோட்டும் வேணாம். எனக்கெல்லாம் குளிராது."

"கோட்டு வேணாமா? நீங்களே உக்காந்து தெச்ச கோட்டு. ஏண்டி, உங்கப்பாவப் பாரு. எடை கெடக்கு, எடம் கெடக்கு, மனசுதான் வர மாட்டேங்குது."

நானும் சேர்ந்துகொண்டேன். "அப்பா, இது ஒண்ணும் உங்க கடைத் துணி இல்ல, மிச்சம் பிடிக்க!"

அப்பா சிரித்தார். நான் அவர் அருகே சென்று, அவர் கையிலிருந்த கோட்டை மெல்ல வாங்கி

(செல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் கழித்துக்கொண்டிருந்தேன். எண்பத்தெட்டில் எழுபத்தொன்றைக் கழிப்பதற்கு எனக்குக் கால்குலேட்டர் வேண்டியிருந்தது. கோட்டைப் பிடுங்கிப் பெட்டியில் திணித்தவள் அம்மா.)

நாலாவது தடவை முள் தொண்ணூற்றொன்றில் நின்றது. "இருபது! சொல்லிவெச்ச மாதிரி இருபது!" என்றேன். அப்பா பெட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "வயசாச்சு இல்ல" என்றார். அதற்கும் சிரித்தோம்.

5

விமான நிலையம். காலை. கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண். கதைக்கு வசதியாக அவளைச் சிடுமூஞ்சி ஆக்கலாம் என்று பார்த்தேன், மனம் வரவில்லை. சிவப்பு எண்கள் 27.2 என்று காட்டின.

"ஏழு கிலோ ஜாஸ்தியா இருக்கு மேடம். எடுத்துடுங்க, இல்லன்னா அதுக்குப் பணம் கட்டணும்."

"அதெப்படி? வீட்ல நாலு தடவ பாத்துட்டுத்தான் வந்தோம்," என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். "உங்க மிஷின்லதான் கோளாறு."

பக்கத்துக் கவுண்டரில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார்கள். அங்கேயும் 27.2.

"அப்போ அதுவும் கோளாறு," என்றாள் அம்மா.

"மிஷின் சரிதான்," என்றார் அப்பா.

தணிந்த குரல். அம்மா வாக்குவாதத்தில் இருந்ததால் அது அவள் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

முதல் வரைவில், அந்த நொடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக எழுதியிருந்தேன். எழுத்தாளர் என்றால் சட்டென்று புரிய வேண்டும் அல்லவா? உண்மையில் எனக்கு வந்தது கோபம். "அப்போ நான் கழிச்சது தப்புங்கறீங்களா?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"நீ கழிச்சது சரிதான் கண்ணு," என்றார்.

பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தோம். மேலாக அப்பாவின் பேண்ட் இருந்தது. அதை எடுத்து மடிக்கும்போது இடுப்பின் உட்புறம் தெரிந்தது. தையலைப் பிரித்தால் துணியில் ஊசித் துளைகள் வரிசையாக நிற்கும். அந்த பேண்டில் நாலு வரிசை நின்றன. ஒன்றுக்கு உள்ளே இன்னொன்று, அரை அங்குலம் அரை அங்குலமாக. அடுத்த பேண்டைப் பார்த்தேன். அதிலும் நாலு. சட்டையின் பக்கத் தையலிலும் அதே கதை.

ஆள் இளைத்தால் முதலில் காட்டிக்கொடுப்பது துணிதான். தொளதொளவென்று ஆகும், யாராவது கேட்பார்கள். இவர் மாதாமாதம் கடையில் உட்கார்ந்து, தன் துணியைத் தானே பிடித்துப் பிடித்துத் தைத்திருக்கிறார். எப்போதும்போல அளவாக உடுத்திய அப்பாவைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, எனக்குத் தெரியவில்லை. இதை எப்படி எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

எழுபத்தொன்றில் ஏழைக் கழித்தேன். இந்தத் தடவை கால்குலேட்டர் வேண்டியிருக்கவில்லை.

அப்பாவுக்கு அது முந்தின நாளே தெரியும். பெட்டி கூடுதலாக இருக்கிறது என்று சொன்னால் ஏன் என்று கேட்போம். அதனால்தான் ஷூவை எடுத்தார், ஸ்வெட்டரை எடுத்தார், கோட்டை எடுத்தார்.

"கோட்ட எல்லாம் மேல போட்டுக்குங்களேன்," என்று கவுண்டர்ப் பெண் யோசனை சொன்னாள். "நெறைய பேர் அப்படித்தான் செய்வாங்க."

போட்டுக்கொண்டோம். எனக்கும் அம்மாவுக்கும் கச்சிதமாக இருந்தது. அப்பாவின் கோட்டு மட்டும் தோளைவிட்டு இறங்கி, கை விரல் நுனிவரை தொங்கியது.

"முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் அளவெடுக்கறீங்க. உங்க கோட்ட இப்படியா வெட்டுவீங்க?" என்றாள் அம்மா.

"வளர்ற பிள்ளைக்கு விட்டு வெட்டுவோம்ல, அப்படி வெட்டினேன்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் கையை இழுத்து, கோட்டின் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். பிறகு கெட்டிலையும் அயர்ன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு, வழியனுப்ப வந்தவர்கள் யாரிடமாவது கொடுத்துவைக்க முடியுமா என்று கேட்டுவரப் போனாள்.

அப்பா பெட்டிப் பக்கம் குனிந்து, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"டாக்டர் உடனே வந்து அட்மிட் ஆகணும்னார். பத்து நாள் கேட்டிருக்கேன். அம்மாவுக்குத் தெரியாது. பனியப் பாத்துட்டு வந்து படுத்துக்கலாம்னு நெனச்சேன்."

"பத்து நாள் தள்ளினா என்ன ஆகும்னாரு?"

"நல்லதில்லன்னாரு. இப்பவே வந்தாலும் உறுதியா சொல்ல முடியாதுன்னாரு." ஜிப்பைப் பாதிவரை இழுத்து நிறுத்தினார். "உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி நான் முடிவு பண்ண மாட்டேன். நீ சொல்லு. போலாமா, திரும்பிடலாமா?"

கவுண்டர் மூட இருபது நிமிடம் இருந்தது.

6

முடிவு ஒன்று. நான் "போலாம்ப்பா" என்கிறேன். மூன்றாம் நாள் காலை, விடுதிக்கு வெளியே, அப்பா கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியை அள்ளுகிறார். "துணி மாதிரி இருக்கும்னு நெனச்சேன், உப்பு மாதிரி இருக்கு" என்கிறார். அம்மா போட்டோ எடுக்கிறாள். திரும்பி வந்ததும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் இத்தனை நாள் விட்டீர்கள் என்று கேட்கிறார்.

முடிவு இரண்டு. "வேணாம்ப்பா, திரும்பிடலாம்" என்கிறேன். டாக்சி பிடிக்கிறோம். கோட்டோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வைத்தியம் நடக்கிறது, கேட்கவில்லை. ஒரு மதியம், படுக்கையில் இருந்தபடி, பனி எப்படி இருக்கும் என்று அப்பா என்னிடம் கேட்கிறார். நானும் பார்த்ததில்லை என்கிறேன்.

முடிவு மூன்று. அம்மா சொன்னதுதான் சரி. மிஷினில்தான் கோளாறு. கவுண்டர்ப் பெண் மன்னிப்புக் கேட்கிறாள். அப்பா எழுபத்தொன்று.

(மற்ற இரண்டையும்விட இதைத்தான் அதிகம் எழுதிப் பார்த்திருக்கிறேன். கதையாக இது தேறாது என்று எனக்கே தெரியும்.)

7

முதல் இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று எழுத மாட்டேன். எழுதினால், நீ செய்தது சரிதான் என்று நீங்கள் என்னைத் தேற்றுவீர்கள். மற்றதை எழுதியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

அப்பா இல்லை. அதை மட்டும் மறைக்கவில்லை. அன்று நான் ஒரு சொல் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மற்றச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறேன்.

கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. போன வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு மிஷினில் ஏறினேன். பிறகு கோட்டைக் கீழே வைத்துவிட்டு, நான் மட்டும் ஒரு தடவை ஏறினேன். கோட்டு இரண்டு கிலோ. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும், "அந்த ஏர்போர்ட் மிஷின்லதான்டி கோளாறு" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

இனி எனக்கு எழுதத் தெரியவில்லை. பெட்டி இருபதுக்குள் வந்துவிட்டது. அம்மா தூரத்தில் கெட்டிலை யாரோ ஒரு டிரைவரிடம் கொடுத்துக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு நிமிடத்தில் வந்துவிடுவாள். அப்பா கையை மடித்துவிட்ட கோட்டோடு குனிந்து, பாதி இழுத்த ஜிப்பைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக நிற்கிறார்.

நீங்கள் சொல்லுங்கள். போகலாமா, திரும்பலாமா?