மூலையில் ஓர் எச்

1

இந்தக் கதை ஒரு பொத்தானிலிருந்து வந்தது. கம்பியைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் கட்டைவிரலுக்குத் தோதாக இருக்கும் பொத்தான். அழுத்தினால் திரையில் உள்ள எண் அப்படியே உறைந்துவிடும். மூலையில் பொடியாக 'எச்' என்று ஓர் எழுத்து வரும், ஹோல்ட் என்பதன் முதல் எழுத்து. அதைக் கவனிக்காத ஒருவனைத் தேடினேன். மத்திய ஆசிய மலை ஊரான நாரினில் எலெக்ட்ரீஷியன் துர்துபெக் கிடைத்தான்.

முதலில் எழுதிய தொடக்கம்: பனி பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில்...

வேண்டாம். நாரினில் பனி பெய்யவில்லை என்றால்தான் செய்தி.

2

அனார்குல் நடத்தும் குளியல் கூடம். வெள்ளிக்கிழமை பெண்கள் முறை. குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று புகார். வெளிச்சுவரில் ஹீட்டருக்குப் போகும் கேபிளை மீட்டரின் வாய்க்குள் முழுதாக விட்டான் துர்துபெக்.

"என்னடா, குதிரைக்குக் கடிவாளம் போட்ட மாதிரி மாட்டிட்டு நிக்கிற? கம்பியத் தொட வேணாமா?"

"வேணாங்க்கா. போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் சமமா இருந்தா பூச்சியம். இல்லேன்னா மிச்சம் தண்ணிக்குள்ள போவுது."

(ஏஜே என்றுதான் கூப்பிட்டான். நான் அக்கா என்று எழுதிக்கொள்கிறேன்.)

இங்கே என் கை நின்றுவிட்டது. கம்பியைத் தொடாமல், தோலை உரிக்காமல், போனதெல்லாம் திரும்பியதா என்று ஒரு பிளாஸ்டிக் வளையம் சொல்கிறது. நான் கும்பிட்ட எதுவும் இவ்வளவு நேராகப் பதில் சொன்னதில்லை.

அனார்குல் உள்ளே போய் ஹீட்டரைப் போட்டுவிட்டு வந்தாள். பூச்சியம்.

"ஒண்ணுமில்லக்கா. குளிருக்கு ஒடம்பு சிலிர்த்திருக்கும்."

"அப்ப எங்க பொம்பளைங்க பொய் சொல்றாளுங்களா?"

"நான் சொல்லல. மீட்டர் சொல்லுது."

கதவைத் திறந்துவிட்டாள். பெண்கள் வாளியோடு உள்ளே போனார்கள். கடைசியாக அவள் மருமகள்.

3

இவ்வளவு தெரிந்தவன் தவறுவானா என்று எனக்குச் சந்தேகம். தவறுவான். தடித்த கையுறை. ஹீட்டரைப் போடுவதற்கு முன்பே கட்டைவிரல் பொத்தானில் அழுந்திவிட்டது. அவன் பார்த்தது பழைய பூச்சியம்.

மீட்டரைக் கழற்றுவதற்காகக் கையுறையை உருவினான். அப்போதுதான் மூலையில் அந்த எழுத்தைப் பார்த்தான். பொத்தானை மறுபடி அழுத்தி எண்ணை விடுவித்தான்.

0.31 ஆம்பியர். ஆளைக் கொல்லப் போதும்.

"அக்கா! யாரும் குழாயத் தொட வேணாம்னு சொல்லுங்க! மெயின் சுவிட்ச் எங்க?"

"உள்ளடா... துணி மாத்துற ரூம்ல."

பெண்கள் முறையன்று அந்த வாசலை ஆண்கள் தாண்டுவதில்லை. அவன் கால் வாசற்படியில் நின்றது. அனார்குல் ஓடினாள்.

4

முடிவு ஒன்று: சுவிட்சை இறக்கிவிடுகிறாள். சோப்பு நுரையோடு பெண்கள் இருட்டில் நின்று துர்துபெக்கின் ஏழு தலைமுறையையும் திட்டுகிறார்கள். எழுதினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது என்று தெரிந்தது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: வாளியை நிரப்ப மருமகள் குழாயை நோக்கிக் கை—

இதையும்.

இப்போது இந்தப் பக்கத்தின் மூலையிலும் ஓர் எச் தெரிகிறது. அவள் கை பாதி வழியில். அனார்குல் பாதி வழியில். பொத்தானில் இருப்பது உங்கள் விரல்.

நின்றிருப்பது எழுத்து மட்டும்தான். கேபிளில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.