பின்பக்கம் ஓடிய நொதி

மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. கணையத்திலிருந்து நான் ஆறு வாரம் பாடுபட்டுப் பிரித்தெடுத்த அமிலேஸ் நொதி மாயமாகியிருந்தது.

"கீழ கொட்டிட்டு, ஜெல்லுல ஊத்தினேன்னு கதை விடுறீங்களா அண்ணி?" ஆய்வகத் தலைவியான என் நாத்தனார் வேலைநீக்கக் கடிதத்தை என் பக்கம் தள்ளினாள். "வீட்லதான் பொறுத்துக்கிட்டோம். இங்கயுமா?"

நான் ஒரு நீல லிட்மஸ் தாளை ஜெல் கிடந்த தொட்டியின் கரைசலில் நனைத்தேன். தாள் சிவந்தது.

"இந்தக் கரைசலைக் கலக்கினது யாரு மேடம்?"

அவள்தான் கலக்கியிருந்தாள். காரமாக இருக்க வேண்டியது அமிலமாக இருந்தது. காரத்தில் அமிலேஸ் எதிர்மின்னூட்டம் பெற்று, நேர்மின்முனையைத் தேடி ஜெல்லுக்குள் நகரும். அமிலத்தில் அதற்கு நேர்மின்னூட்டம் வந்துவிடும். அதனால்தான் அது ஜெல்லுக்குள் போகாமல், பின்பக்கம் இருந்த எதிர்மின்முனையைத் தேடித் தொட்டிக்குள் ஓடிக் கரைந்துவிட்டது.

"தாள் பழசு" என்றாள்.

"அப்போ புதுக் கட்டைப் பிரிங்க. சாட்சிக்கு உங்க அண்ணனையும் கூப்பிடவா?"

அவள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "இது இருக்கட்டும், அடுத்த தடவைக்கு ஆகும். எங்க போயிடப் போறீங்க?"

"எங்கயும் போகல. இனி கரைசலை நானே கலக்குறேன்."