குளிருக்கு ஒரு ஓட்டை

திங்கட்கிழமை முதல் கீழ்ப்பிரிவுப் பெண்களுக்கு நான்தான் கங்காணி என்று துரை சொன்ன செய்தி, நான் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதுவரை ஒரு பெண் கங்காணியாக நின்றதில்லை. வாசலில் இடுப்பில் சுற்றிய கொழுந்துப் படங்கை அவிழ்க்கக்கூட என்னை விடவில்லை. என்னோடு கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று கொண்டு, யார் முதலில் சொல்வது என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மீனம்மா அக்கா ஒரு சிறிய பெட்டியை என் கையில் திணித்தார்.

"தொறந்து பாருடி. நாங்க எல்லாரும் சேந்து வாங்குனது. நானும் சுலக்ஷனாவும் ஹட்டன் டவுனுக்கே போயிட்டு வந்தோம்."

உள்ளே ஒரு கைக்கடிகாரம். ஸ்டீல் செயின், கறுப்பு முகம், பெரிய பெரிய வெள்ளை எண்கள். ஆண்கள் கட்டும் கடிகாரம்.

"அக்கா, இது ஆம்பளை வாட்ச் இல்லையா?"

"பின்ன? பொம்பளை வாட்சுல முள்ளே தெரியல. நீ கையத் தூக்குனா மேல் லயத்துலருந்து எறங்கி வர்றவளுக்கும் மணி தெரியணும்!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பெரட்டு நடக்கும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கூட்டி, யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்துவிடுவார்கள். ஏழரை மணிக்குப் பேர் போடத் தொடங்குவார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னதாகக் கங்காணி கடிகாரம் கட்டிய கையை உயர்த்துவார். கை உயரத்தில் இருக்கும்வரை ஓடிவருகிறவருக்குப் பேர் உண்டு. கை இறங்கிவிட்டால் அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை, வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். இத்தனை வருடமும் அப்படி உயர்ந்து இறங்கிய கை கஜேந்திரன் அண்ணனுடையது. அவர் இனி மேல்பிரிவுக்குப் போகிறார்.

நான் அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டேன். கட்டிய வேகத்தில் அது முழங்கைவரை ஓடிப்போய் நின்றது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அதே கையோடு திங்கட்கிழமை பெரட்டில் நிற்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் ஜெரோஷன் எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் ஃபிட்டர். மெஷின் என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். மறுநாள் சனிக்கிழமை அவருக்கு வேலை ட்ரையர் பக்கம். கொழுந்தை அனலில் காயவைக்கும் பெரிய மெஷின் அது. மத்தியானச் சாப்பாட்டோடு கடிகாரத்தையும் கொண்டுபோனேன்.

"இங்கயே ஒக்காரு, அஞ்சு நிமிசத்துல முடிச்சிருவேன்," என்று ட்ரையருக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டார்.

செயினின் கண்ணிகளைச் சிறிய சுத்தியலால் தட்டி ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசியாக இன்னும் ஒன்றைக் கழற்றினால் இறுக்கியது. அதையே திரும்பப் போட்டால் தொளதொளத்தது. அப்போதுதான் செயினைப் பூட்டும் லொக்கைத் திருப்பிக் காட்டினார். அதன் இரண்டு பக்கச் சுவரிலும் வரிசையாக மூன்று சின்ன ஓட்டைகள். செயினின் முனையில் உள்ள ஸ்பிரிங் பின் அவற்றில் ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு ஓட்டை உள்ளே தள்ளினால் கொஞ்சம் இறுகும், வெளியே தள்ளினால் கொஞ்சம் இளகும்.

"ஒரு கண்ணியக் கழட்டுனா ரொம்பக் கொறையுது இல்லையா? இது நெல்லு முனை அளவுக்குத்தான் கொறைக்கும்," என்றார் கண்கள் மின்ன. உள்ளே இருந்த கடைசி ஓட்டையில் பின்னைப் பூட்டினார்.

நான் கையை உயர்த்தினேன். நிற்கிறது! இறக்கினேன். நிற்கிறது! உதறினேன். கடிகாரம் அசையவே இல்லை. பக்கத்தில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தவர்கூடக் கை தட்டினார். ஜெரோஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ட்ரையரையே அவர்தான் கண்டுபிடித்தது போல.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அதைக் கட்டிக்கொண்டுதான் போனேன். மூடுபனி கோயில் கதவுக்குள்ளேயே வந்துவிட்டது. தூறலும் இருந்தது. பூசை முடிந்து வாசலில் மீனம்மா அக்காவைக் கண்டதும், "இங்க பாருங்கக்கா!" என்று கையை உயர்த்தினேன்.

கடிகாரம் சர்ரென்று இறங்கியது. இறங்கியதோடு விடாமல் ஒரு சுற்றுச் சுற்றி, முகம் உள்ளங்கைப் பக்கம் போய்விட்டது. ஊருக்குத் தெரிந்தது வெறும் லொக்தான். நான் அவசரமாகக் கையை இறக்கினேன். அது விரல் முட்டிவரை வந்து தொங்கியது.

பின்னால் கஜேந்திரன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கூட்டாளிகள்.

"என்ன தங்கச்சி, வாட்சே கையில நிக்கல. நாளைக்கு ஆளுங்க நிப்பாங்களா?"

கூட்டாளிகள் சிரித்தார்கள். மீனம்மா அக்கா விடவில்லை. "ஒங்க வாட்சு நின்னுச்சு, ஆளுங்க எங்க நின்னாங்க? பாதிப்பேர ஒவ்வொரு நாளும் தொரத்தி விட்டீங்களே!"

"பாப்போமே. நாளைக்குப் பொறுப்புக் குடுக்க நானும் பெரட்டுக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

வீடுவரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். அவர் சொன்னதை மற்றவர்கள் நாளைக்குள் மறந்துவிடுவார்கள். ஆனால் பெரட்டில் ஐம்பது பேர் பார்க்க நான் கையை உயர்த்தும்போது அது மறுபடி சறுக்கினால், அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். நான் சொல்லும் எந்த மலைக்கும் யாரும் சிரிக்காமல் போகமாட்டார்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருத்தி.

"வேற வாட்ச் கட்டிக்கயேன்," என்றார் ஜெரோஷன், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு.

"அவங்க எல்லாரும் சேந்து வாங்கினது. இதக் கட்டாமப் போனா என்னைய நெனச்சு வாங்கினவங்க முகத்துல எப்படிங்க முழிக்கிறது?"

அவர் கடிகாரத்தை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நேத்து கச்சிதமா இருந்துச்சே! செயின் இழுபட்டிருச்சா? ஒரே நாள்ல எப்படி?"

"நீங்கதான் எதையாவது சரியாப் பூட்டல."

"நான் பூட்டினதா? ட்ரையரையே நான்தான் பூட்டுறேன்!"

இப்படியே வாக்குவாதம் நீண்டது. நான் கோபத்தில் கடிகாரத்தைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய், விறகைத் தள்ளிவிட்டுத் தேத்தண்ணிக்குக் கொதிக்க வைத்தேன். குளிருக்குக் கையை அடுப்புக்கு நேராகக் காட்டியபடி கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். குண்டானை இறக்கக் கையை நீட்டியபோது கவனித்தேன். கடிகாரம் சறுக்கவில்லை. மணிக்கட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டு நின்றது.

எழுந்து ஓடி, வெளிக் குழாயைத் திறந்து கையை நனைத்துக்கொண்டு காற்றில் நின்றேன். கொஞ்சம் பொறுத்துக் கையை உயர்த்தினேன். சர்ரென்று இறங்கியது.

"ஏங்க! இங்க வாங்க! வாட்சுல ஒண்ணும் இல்லைங்க, என் கைதாங்க!"

அவர் ஒன்றும் விளங்காமல் வந்து நின்றார்.

"நேத்து எங்க வச்சு அளவு பாத்தீங்க?"

"ட்ரையருக்குப் பக்கத்து..." என்று தொடங்கியவர் அப்படியே தலையில் கையை வைத்துக்கொண்டார். அனலில் என் மணிக்கட்டு உப்பிப் போயிருந்திருக்கிறது. அந்த உப்பிய கைக்கு அளவெடுத்துவிட்டு, விடியற்காலைப் பனியில் அது நிற்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் கொண்டாடியிருக்கிறோம். நாள் முழுக்க ட்ரையரோடு கிடக்கும் மனிதருக்கு அது ஒரு சூடாகவே தோன்றியிருக்காது. நாங்கள் வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்ததும் அவர் லொக்கை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "கண்ணியக் கழட்டக் கூடாது, இறுக்கிரும். இருக்கிற மூணு ஓட்டையிலயும் உள்ளுக்குள்ள இருக்கிறதுலதான் பின்னு நிக்குது. இன்னும் உள்ள எடம் இருக்கு, மெரினா. நாலாவது ஒண்ணு போட்டிருவோம்!"

"தகட்ட ஒடச்சிர மாட்டீங்களே?"

"ஒடைஞ்சா நாளைக்கு ரிப்பன் போட்டுக் கட்டிக்க."

அவரை முறைத்தேன். அதற்கு மேல் அவர் கேலி செய்யவில்லை. இனிமேல் தவறக் கூடாது என்று அவரே முறையாகத் தொடங்கினார். முதலில் என்னைக் குழாயடியில், காற்று வரும் பக்கம், நனைந்த கையோடு நிற்க வைத்தார். பெரட்டு நேரத்துக் குளிர் கைக்குள் இறங்க வேண்டுமாம். நான் பொம்மை போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த வழியாக மீனம்மா அக்கா வந்தார்.

"என்னடி, கங்காணியாகுறதுக்கு மொதலே புருஷன் வெளிய தள்ளிட்டானா?"

"அளவு பாக்கிறாருக்கா!"

"கல்யாணத்துக்குச் சட்டை தச்சப்பகூட இவ்வளவு அளவு பாக்கல," என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றுகொண்டார்.

கை நன்றாகக் குளிர்ந்ததும் ஜெரோஷன் செயினைப் பிடித்து, என் சுண்டுவிரல் உள்ளே நுழையும் அளவுக்கு விட்டு, பின் வரவேண்டிய இடத்தை ஊசியால் லொக்கில் கீறினார். உள்ளே மடிகிற தகட்டில் செயின் முட்டுகிறதா என்று மூடித் திறந்து பார்த்தார். முட்டவில்லை. மயிரிழை இடம் மிச்சம்.

பிறகு லொக்கை ஒரு மரக்கட்டையில் பொருத்திக் கை ட்ரில்லை எடுத்தார். இரண்டு சுவரிலும் ஓட்டை நேருக்கு நேர் விழ வேண்டும். ஒன்று விலகினால் பின் சாய்ந்து உட்காரும். சாய்ந்த பின் எந்த நேரமும் தெறிக்கும். நான் கட்டையை அழுத்திப் பிடித்தேன். மீனம்மா அக்கா டோர்ச் பிடித்தார். ட்ரில் முனை ஒரு தடவை வழுக்கித் தகட்டில் வெள்ளைக் கோடு ஒன்று இழுத்தது. ஜெரோஷன் முனையை எடுத்து மறுபடி வைத்து, மெதுவாகச் சுற்றினார். பொடிப் பொடியாக இரும்புத் தூள் வந்தது. முதல் சுவர் கடந்தது. கொஞ்ச நேரத்தில் மற்றச் சுவரும்.

"விழுந்திருச்சு!" என்று நான் கத்தினேன்.

பின்னைப் புது ஓட்டையில் அமுக்கும்போது அது டிங்கென்று தெறித்துக் காணாமல் போனது. நாங்கள் குனிந்து நிலத்தைத் தடவினோம், விறகை நகர்த்தினோம், செருப்பைத் தட்டினோம். அந்த அளவில் வேறு பின் ஜெரோஷனிடம் இல்லை.

"அக்கா, அசையாதீங்க!" என்றேன். அது மீனம்மா அக்காவின் கம்பளிச் சால்வையில், தோளுக்குக் கீழே, முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றது.

"தோட்டத்துக்கே பொறுப்பான சாமான், என் தோள்லதான் ஏறி நிக்குது பாத்தியா," என்றார் அவர் அசையாமலே.

இரண்டாம் முறை ஜெரோஷன் பின்னைத் துணியால் மூடிக்கொண்டு அமுக்கினார். கிளிக். குழாயடிக்குப் போய்க் கையை நனைத்து உயர்த்தினேன். நின்றது. அடுப்படிக்கு வந்தேன், கொஞ்ச நேரத்தில் இறுக்கத் தொடங்கியது. அப்போதுதான் அவர் பழைய மூன்றாவது ஓட்டையைக் காட்டி, "வெயில் ஏறினா பின்ன இதுக்கு மாத்திக்க. குளிருக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு," என்றார். ஊக்கு முனையால் பின்னை அமுக்கி மாற்றுவதை நானே பழகிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் மூடுபனி இடுப்பளவு நின்றது. என் முன்னால் எல்லாரும் இருந்தார்கள், ஒரு ஆளைத் தவிர. கஜேந்திரன் அண்ணன் ஓரமாகக் கைகட்டி நின்று என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜேர்சிக் கையை மடித்து மேலே தள்ளிவிட்டு, இடது கையை உயர்த்தினேன்.

கடிகாரம் அசையவில்லை. கறுப்பு முகம் பெரட்டை நேராகப் பார்த்தது. முன்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

"சுலக்ஷனா எங்க?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்காம்பராவுல கொழந்தைய விடப் போயிருக்கா, வந்துருவா," என்றார் மீனம்மா அக்கா.

கஜேந்திரன் அண்ணன் தன் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழரை ஆயிருச்சு தங்கச்சி. கைய எறக்கு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். காலையில் ரேடியோச் செய்தி நேரத்துக்குச் சரிபார்த்து வைத்த முள் இன்னும் ஏழரைக்கு வரவில்லை. இவ்வளவு நாளும் அவருடைய கடிகாரம் முந்தி ஓடியிருக்கிறது, அதைச் சொல்ல யாரிடமும் இன்னொரு கடிகாரம் உயரத்தில் இருந்ததில்லை.

"இன்னும் நேரம் இருக்குண்ணே. எல்லாரும் பாருங்க."

எல்லாத் தலைகளும் என் கைக்கு நிமிர்ந்தன. கஜேந்திரன் அண்ணனுடையதும்தான். தோள் வலித்தது, விரல் மரத்தது. கடிகாரம் மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. சுலக்ஷனா, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் கையைப் பார்த்தபடியே ஓடி வந்தாள்.

"ஓடு புள்ள, ஓடு!" என்று பெரட்டே கத்தியது.

அவள் வரிசையில் வந்து இடித்து நின்ற பிறகு முள் ஏழரையைத் தொட்டது. நான் கையை இறக்கி, தொண்டையைச் செருமி, என் முதல் பேரைப் போட்டேன்.

"சுலக்ஷனா, மூணாம் நம்பர் மலை!"